சிறுநீரில் ஆக்சலேட் அதிகமா? தக்காளியை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிந்தால் நம் வீடுகளில் முதலில் பலியாவது தக்காளி. அதன் விதைதான் கல்லாகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அடுத்து, "கல் என்றால் கால்சியம்தானே" என்று பாலும் தயிரும் போகும். பிறகு முட்டைக்கோஸ், காலிஃபிளவர் என்று ஒரு நீண்ட பட்டியல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்படும். மூன்று மாதம் வாயைக் கட்டியும் மறுபடி கல் வந்தால், சம்பந்தப்பட்டவர் பட்டியலையே கிழித்துப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பட்டியல்தான் தவறு.

சிறுநீரகக் கற்களில் 70 முதல் 80 சதவீதம் வரை கால்சியம் ஆக்சலேட் கற்கள். ஆக்சலேட் என்பது உணவிலிருந்தும் நம் கல்லீரலிலிருந்தும் வந்து சிறுநீரில் வெளியேறும் பொருள், கால்சியத்தோடு சேர்ந்தால் படிகமாகும். சிறுநீரில் ஆக்சலேட் அளவு மீறிப் போவதை ஹைப்பராக்சலூரியா என்கிறார்கள். 100 கிராம் தக்காளியில் ஆக்சலேட் ஏறத்தாழ 5 மில்லிகிராம். அதே 100 கிராம் பாலக் கீரையில் 600 மில்லிகிராமுக்கு மேல். பாலை நிறுத்துவதோ, சிறுநீரில் ஆக்சலேட்டைக் கூட்டும் வேலை. ஆகவே எதையும் நிறுத்துவதற்கு முன், கல் எது, சிறுநீரில் ஆக்சலேட் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் இதே வரிசையில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், அவசரமா இல்லையா?

விலாவில் கிளம்பி அடிவயிறு நோக்கி இறங்கும் வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால், சிறுநீர் வராமல் நின்றுவிட்டால், வாந்தியால் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வலி வந்த உடனேயே போக வேண்டும். அடைப்போடு கிருமித்தொற்றும் சேர்ந்தால் அது மணிக்கணக்கில் மோசமாகும். இனி வருபவை எல்லாம் வலி அடங்கி, உட்கார்ந்து யோசிக்க முடிகிற நேரத்துக்கானவை.

கல்லைப் பிடித்து வையுங்கள்

5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடும். அப்படி வெளியேறும் கல் உங்கள் மருத்துவருக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான தடயம். அதைக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிடாதீர்கள். வலி தொடங்கிய நாளிலிருந்து ஒரு பழைய தேநீர் வடிகட்டியிலோ மெல்லிய துணியிலோ சிறுநீரை வடிகட்டுங்கள். பெரும்பாலும் ஒரு மணல் துகள் அளவுதான் இருக்கும். கழுவி, உலர்த்தி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, கல் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். அகச்சிவப்புக் கதிர் முறையில் செய்யும் பகுப்பாய்வு நம்பகமானது. அறுவை சிகிச்சையில் கல்லை எடுத்தாலும், அதை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் அனுப்புகிறார்கள்.

யூரிக் அமிலக் கல் என்று வந்தால் உங்கள் வழி வேறு. அந்தக் கல்லை மருந்தால் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. கல் கரைந்துவிட்டது என்று கேள்விப்படும் கதைகளில் பலவும் தானாக வெளியேறிய சின்னக் கற்களின் கதைகளாகத்தான் இருக்கும். வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடித்த வாரத்தில் கல் இறங்கியிருக்கலாம். குடிக்காமல் இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும். வாழைத்தண்டுச் சாறு பிடித்திருந்தால் தாராளமாகக் குடியுங்கள், அதிலுள்ள தண்ணீராவது உதவும். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்கள் பொட்டாசியம் மிகுந்த எந்தச் சாற்றையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இளநீருக்கும் இதே எச்சரிக்கைதான்.

படிகம் என்று எழுதியிருந்தால்

சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் "கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் காணப்பட்டன" என்ற வரியைப் பார்த்துப் பதறி வருபவர்கள் ஏராளம். நுண்ணோக்கியில் இந்தப் படிகங்கள் பின்புறம் ஒட்டிய தபால் உறைபோலச் சதுரமாக, குறுக்கே இரண்டு கோடுகளோடு தெரியும். கல்லே இல்லாத ஆரோக்கியமான மனிதர்களிடமும் இவை தென்படும். முந்தின நாள் கீரை சாப்பிட்டிருந்தாலோ, மாதிரி வெகுநேரம் மேசையில் கிடந்து ஆறிவிட்டாலோகூடப் போதும். அந்த ஒரு வரியை வைத்து நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அளவு தெரிய வேண்டுமானால் ஒரு முழு நாளின் சிறுநீர் வேண்டும்.

24 மணி நேரச் சிறுநீர்: பெரும்பாலானோர் தவறவிடும் இடம்

கல் வலி, காய்ச்சல், அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து இதைச் செய்வது நல்லது. வைட்டமின் சி மாத்திரை எடுப்பவர் என்றால் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அது உடலுக்குள் ஆக்சலேட்டாக மாறுவதோடு, குப்பிக்குள்ளும் மாறி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். வேறு மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். என்னென்ன எடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

ஆய்வுக்கூடம் ஒரு பெரிய கேனைக் கொடுக்கும். ஆக்சலேட் சோதனைக்கு அதில் பெரும்பாலும் கொஞ்சம் அமிலம் ஊற்றியிருப்பார்கள். கொட்டிவிடாதீர்கள், கழுவியும் விடாதீர்கள். அமிலம் தெறித்தால் தோல் புண்ணாகும். ஆகவே நேரடியாகக் கேனில் சிறுநீர் கழிக்காமல், ஒரு பிளாஸ்டிக் குவளையில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வருவது எல்லாம் கேனுக்குள். பகலில் வருவது, இரவில் எழுந்து போவது, மலம் கழிக்கும்போது கூடவே வருவது என எதுவும் தப்பக்கூடாது. மறுநாள் காலை 6 மணிக்குச் சிறுநீர் கழித்து அதையும் சேர்த்து மூடிவிடுங்கள். முதல் காலைச் சிறுநீரையும் சேர்த்துவிடுவதும், கடைசிக் காலைச் சிறுநீரை விட்டுவிடுவதும்தான் அதிகம் நடக்கும் பிழைகள். நடுவில் ஒருமுறை தவறிப்போனால் மனத்தைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிடாதீர்கள். புதுக் கேன் வாங்கி மறுபடி தொடங்குங்கள். கேனை வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

அன்றைக்கு என்ன சாப்பிடுவது? வழக்கமாகச் சாப்பிடுவதைத்தான். சோதனை என்றதும் அன்று மட்டும் மூன்று குடம் தண்ணீர் குடித்து, உப்பைக் குறைத்து, நல்ல பிள்ளையாகிவிடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் பள்ளிக்கூடம் பளபளப்பதைப் போல ஆகிவிடும் அது. கல் உண்டாவது மற்ற 364 நாட்களில். கல்யாண விருந்து நாளும் வேண்டாம், விரத நாளும் வேண்டாம். வேலைக்குப் போகும் சாதாரண நாள் உகந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போகக் கூச்சமாக இருந்தால், விடுமுறை நாளில் வேலை நாள் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடியுங்கள். ஒரே நாளை நம்புவதைவிட, இடைவெளி விட்டு இரண்டு முறை சேகரிப்பது நல்லது. நாளுக்கு நாள் ஆக்சலேட் ஏறி இறங்கும்.

ஆக்சலேட் மட்டும் போதாது. மொத்தச் சிறுநீர் அளவு, கால்சியம், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம், கிரியேட்டினின், அமிலத்தன்மை எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

அறிக்கையைப் படிக்கும் முறை

கற்பனையாக ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சிறுநீர் 1.1 லிட்டர். ஆக்சலேட் 52 மில்லிகிராம். சோடியம் 220 மில்லிமோல். சிட்ரேட் 210 மில்லிகிராம். கால்சியம் வரம்புக்குள். பார்த்ததும் எல்லோருடைய கண்ணும் போவது அந்த 52-க்குத்தான். வழக்கமான வரம்பு நாளொன்றுக்கு 40 முதல் 45 மில்லிகிராம். சில கூடங்கள் மில்லிமோலில் கொடுக்கும், 0.5 மில்லிமோல் என்பது 45 மில்லிகிராம். 52 சற்றே அதிகம், அவ்வளவுதான்.

என் கண் போவது 1.1 லிட்டருக்கு. அந்தச் சிறுநீரில் ஒரு லிட்டருக்கு 47 மில்லிகிராம் ஆக்சலேட் இருக்கிறது. இதே மனிதர் எதையும் மாற்றாமல் சிறுநீரை 2.5 லிட்டராக்கினால் அது 21 ஆகிவிடும். படிகம் உண்டாவது செறிவைப் பொறுத்தது. அடுத்து சோடியம்: 220 மில்லிமோல் என்பது ஏறத்தாழ 13 கிராம் உப்பு, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமைப் போல இரண்டரை மடங்கு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். சிட்ரேட் 320-க்கு மேல் இருக்க வேண்டும். கால்சியத்தைப் பிடித்துவைத்துக் கல் உண்டாகாமல் காப்பது அதுதான், இவரிடம் அது குறைவு. இவர் கீரையை நிறுத்திவிட்டு ஊறுகாயைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கிரியேட்டினினைக் கேட்டது சேகரிப்பு முழுமையா என்று பார்க்க. தசையிலிருந்து வரும் இந்தக் கழிவு தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறும். உடல் எடைக்கு அது மிகக் குறைவாக இருந்தால் பாதிச் சிறுநீர் கேனுக்கு வரவே இல்லை என்று பொருள். அந்த அறிக்கையின் மற்ற எண்களையும் நம்ப முடியாது.

தட்டில் கை வைக்கும் நேரம்

சிறுநீரில் வரும் ஆக்சலேட்டின் ஒரு பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. மீதி உணவிலிருந்து வருகிறது. உணவில் உள்ளதிலும் சிறு பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகிறது. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது கால்சியம். ஒரே நேரத்தில் குடலில் இருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் கைகோத்துக் கரையாத உப்பாகி மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக உள்ளே நுழைந்து, சிறுநீரகத்தில் போய்க் கால்சியத்தைத் தேடிக்கொள்ளும்.

இத்தாலியின் பார்மா நகரில் கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஐந்து ஆண்டு கவனித்தார்கள். ஒரு பாதிக்குக் கால்சியம் குறைத்த உணவு. மறு பாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. கால்சியம் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. மற்ற 60 பேரில் 12 பேருக்குத்தான். 2002-ல் வெளியான முடிவு இது. இன்னும் நம் ஊரில் "பாலை நிறுத்துங்கள்" என்கிற ஆலோசனை நின்றபாடில்லை.

நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் உணவிலேயே வரட்டும். 200 மில்லிலிட்டர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கும், தயிரிலும் ஏறத்தாழ அதே அளவு. முக்கியமானது நேரம். மதியம் கீரைக் கூட்டு என்றால் மதியமே தயிர் வேண்டும். இரவு படுக்கும் முன் குடிக்கும் பால் மதியக் கீரையை ஒன்றும் செய்யாது. தெளிவாக விளாவிய நீர்மோரில் கால்சியம் கொஞ்சம்தான் என்பதும் நினைவிருக்கட்டும். கேழ்வரகில் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்தே இருக்கின்றன, கூழில் கெட்டி மோர் ஊற்றிக் குடித்த பழைய வழக்கம் அதற்குப் பொருத்தமானது. கால்சியம் மாத்திரை எடுக்க வேண்டியிருந்தால் அதையும் சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

இனி, குறைக்க வேண்டியவை. பட்டியல் நீளம் இல்லை. பாலக், கொடிப்பசலை, முளைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி, எள், கோகோ, சோயா. கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு போய்விடும். கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கு அரிக்கிறதே, அந்த அரிப்புக்கு ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் முக்கியக் காரணம். ஆனால் ஏற்கெனவே கால்சியத்தோடு பிணைந்த ஆக்சலேட் குடலில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. வம்பெல்லாம் கரையும் ஆக்சலேட்டால்தான். பால் சேர்த்த தேநீர் இரண்டு வேளை குடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பால் சேர்க்காத கட்டன் சாயாவை லிட்டர் கணக்கில் குடிப்பவர்கள் யோசிக்கலாம். சோறு, சுரைக்காய், புடலங்காய், பூசணி, வெள்ளரி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அந்தக் கதவுப் பட்டியலைக் கழற்றிவிடுங்கள்.

எனக்குக் கவலை தருபவை நம் பழைய சமையலைவிட, ஆரோக்கியம் என்ற பெயரில் புதிதாக வந்தவை. பேலியோ உணவுமுறையில் காலை உணவுக்கு நூறு பாதாம் என்பது தமிழ்நாட்டில் பரவலான பழக்கம். 22 பாதாமில் சுமார் 120 மில்லிகிராம் ஆக்சலேட் என்றால், நூறு பாதாமில் 500 மில்லிகிராமுக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டாலே 50 மில்லிகிராம். ஒரு நாளைக்கான வரம்பு காலை எட்டு மணிக்கே தாண்டிவிடுகிறது. ஒருமுறை கல் வந்தவர்களுக்கு அது ஏற்ற உணவல்ல. பச்சைப் பாலக்கை அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கமும், 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் தண்ணீரில் போட்டுக் குடிப்பதும் அதே வகை.

பிலிம்பிச் சாறு இன்னும் ஆபத்தானது. கேரளத்தில் இரும்பன் புளி என்பார்கள், மரத்தண்டிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் புளிப்புக் காய். மீன்குழம்பில் இரண்டு மூன்று போடுவதால் ஒன்றுமில்லை. கொழுப்பு குறையும் என்று நம்பி அதன் சாற்றைச் செறிவாகப் பிழிந்து குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதன் உறவான நட்சத்திரப் பழத்தின் சாறும் அப்படித்தான். சிறுநீரக நோயாளிகள் அந்தப் பழத்தைத் தொடவே கூடாது.

தண்ணீரும் உப்பும்

எத்தனை லிட்டர் குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை லிட்டர் வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. இலக்கு 2.5 லிட்டர் சிறுநீர். குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் போதலாம். சித்திரை வெயிலில் கட்டட வேலை செய்பவருக்கு அது வியர்வைக்கே காணாது. ஒரு லிட்டர் அளவுக்குவளை ஒன்றை வைத்து ஒரே ஒரு நாள் அளந்து பாருங்கள், உங்கள் கணக்கு தெரிந்துவிடும். ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுக்கப் பரப்பிக் குடியுங்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் அவசியம், இரவில்தான் சிறுநீர் கெட்டியாகிறது. இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவுக்கு மேல் போகக்கூடாது.

எலுமிச்சைச் சாறு சிட்ரேட்டைக் கூட்ட உதவும், உப்பும் சர்க்கரையும் போடாமல் குடித்தால். குளிர்பானங்கள் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் கல் வருகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அந்தப் பயத்தில் தண்ணீரைக் குறைப்பதுதான் கெடுதல். உண்மையில் குறைக்க வேண்டிய உப்பு ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் இருக்கிறது.

எண் இறங்கவில்லை என்றால்

இரண்டு மூன்று மாதம் கழித்து 24 மணி நேரச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஆக்சலேட் இறங்கியிருந்தால் காரணம் உணவுதான், அதே வழியில் தொடரலாம். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உணவைச் சீராக்கியும் அளவு இறங்காமல் இருந்தாலோ, தொடக்கத்திலேயே 80, 90 என்று இருந்தாலோ, தட்டில் தேடுவதை நிறுத்திவிட்டுச் சிறுநீரகவியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அவர் முதலில் குடலைப் பற்றிக் கேட்பார். உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா, குரோன் நோய் என்கிற நாள்பட்ட குடல் அழற்சி உண்டா, நாள்பட்ட கணைய அழற்சி உண்டா, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா என்று. கொழுப்பு செரிக்காமல் குடலில் தங்கினால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சலேட்டுக்குத் துணை கிடைக்காமல் எல்லாம் உள்ளே போகும். இவர்களுக்குக் கொழுப்பைக் குறைத்து, சாப்பாட்டோடு கால்சியம் கொடுப்பார்கள்.

அடுத்தது கல்லீரல். பிறவியிலேயே ஒரு நொதி குறைந்து, கல்லீரல் ஆக்சலேட்டை அளவின்றித் தயாரிக்கும் அரிய மரபணு நோய் இருக்கிறது, முதன்மை ஹைப்பராக்சலூரியா என்று பெயர். அதில் முதல் வகைதான் அதிகம். ஏஜிஎக்ஸ்டி என்ற மரபணுவில் பிழை. குழந்தைக்குக் கல் வந்தால், இரண்டு சிறுநீரகத்திலும் அடிக்கடி கல் வந்தால், சிறுநீரகத் திசுவிலேயே கால்சியம் படிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னால், இதைச் சந்தேகிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு 24 மணி நேரம் சேகரிக்க முடியாது. ஒரு மாதிரியிலேயே ஆக்சலேட்டுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, மரபணுச் சோதனையால் உறுதிசெய்வார்கள். சிலருக்கு வைட்டமின் பி6 நன்றாக வேலை செய்கிறது. லுமாசிரான் என்ற ஊசி மருந்து 2020 நவம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது, கல்லீரல் ஆக்சலேட் தயாரிப்பதையே அது தடுக்கிறது. விலைதான் மலைக்க வைக்கும். நோயைக் கண்டுபிடிக்காமல் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால், பழைய கல்லீரல் புதிய சிறுநீரகத்தையும் அடைத்துவிடும். மாற்று அறுவைக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். பெற்றோருக்குக் கல் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. "எங்கள் வீட்டில் யாருக்கும் கல் கிடையாது" என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. உறவில் திருமணம் என்றால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. வலியோ கல்லோ எதுவும் இல்லாவிட்டாலும் அண்ணன், தங்கை எல்லோருக்கும் சோதனை செய்துவிட வேண்டும்.